பெயர் சுட்டாக் காதலும் வேலில் கட்டிய வேம்பும்

அகப்பாடலில் வரும் தலைவனுக்குக் குன்று உண்டு, கடல் உண்டு, தேர் உண்டு, பிரிவு உண்டு. பெயர் மட்டும் இல்லை. தலைவிக்கும் அவ்வாறே. அன்பின் ஐந்திணையைப் பாடுமிடத்து ஒருவரைப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இந்நெறியின் பயன் யாது? பெயர் நீங்கியவுடன் அக்காதல் யாருக்கும் உரியதாகிவிடுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாடல்களைப் படிக்கும் ஒருவர், அங்கே தம் நெஞ்சையே காண முடிகின்றது.

ஆயினும் இந்நெறிக்கு ஒரு விலை உண்டு என்பதையும் நம் உரையாசிரியர்களே உணர்ந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். வாடைக் காற்று வீசும் இரவில் அரண்மனைக் கட்டிலில் தூக்கமின்றி வருந்துகிறாள் அரசி. பாசறையில் புண்பட்ட வீரர்களைக் காணச் செல்கிறான் அரசன். இருவர் பெயரையும் நக்கீரர் எங்கும் கூறவில்லை. எனினும் அரசனுக்கு முன் செல்பவன் கையிலுள்ள வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்தது என்று ஒரு சொல் வந்துவிட்டது. வேம்பு பாண்டியர்க்குரிய பூ. அந்த ஒரு தழை, ஆள் இன்னார் என்று காட்டிவிட்டது. ஆகவே இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழை ஒரு பாட்டின் திணையையே மாற்றிவிட வல்லது என்றால், பெயர் என்பது எத்துணை வலியது என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

இப்பழைய செய்தியை முன்வைத்துக்கொண்டு, நமக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு கலையைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பிறந்தோ, அந்நாட்டுக் குடும்பங்களில் தோன்றி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்தோ, ஆடவரை நேசித்த ஆடவர் சிலர் படைத்த கலை அது. அவருள் முதன்மையாக நான் எடுத்துக்கொள்வது ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் என்னும் கியூபா நாட்டுக் கலைஞரை.

தொடங்குமுன் ஒன்று கூறிவிட வேண்டும். நம் அகத்திணை ஆண், பெண் காதலுக்கு வகுத்த இலக்கணம். ஒருபால் காதலுக்கு அதில் இடமிருந்தது என்று வலிந்து நிறுவுவது என் கருத்தன்று. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பை இங்கே இழுத்து வந்து அதற்கு வேறு பெயர் சூட்டவும் நான் முற்படவில்லை. அந்நட்புக்கு நட்பு என்ற பெயரே போதிய பெருமை உடையது. நான் கடன் வாங்குவது நம் கவிதையியலின் அளவுகோலை மட்டுமே. பெயர் சுட்டாமை என்ற உத்தியின் ஆற்றலையும் அதன் ஊறுபாட்டையும் நம்மைப்போல் நெடுங்காலம் எண்ணிப் பார்த்த இலக்கிய மரபுகள் மிகச் சில. அவ்வளவுகோல் நம் கையில் இருக்க, அதைப் பயன்படுத்தாதிருப்பது ஏன்?

வாழ்வும் பெயர்வும்

கொன்சாலெஸ்-டோரஸ் 1957ஆம் ஆண்டு கியூபாவில் குவாய்மரோ என்ற ஊரில் பிறந்தார். 1971இல், பதின்மூன்று வயதில், பெற்றோரைப் பிரிந்து உடன்பிறந்தாள் ஒருத்தியுடன் ஸ்பெயினின் தலைநகரான மாத்ரிதுக்கு அனுப்பப்பட்டார். பின்னர்ப் போர்ட்டோ ரிக்கோவில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1979இல் நியூயார்க் சென்று கலையும் ஒளிப்படமும் பயின்றார். 1983இல் ராஸ் லேகாக் என்பவரைச் சந்தித்தார். அவரே இவர் வாழ்வின் துணையாயினார். எய்ட்ஸ் நோய் அந்நகரத்து இளைஞர்களை வாரிக்கொண்டு சென்ற காலம் அது. 1991இல் ராஸ் அந்நோயால் இறந்தார். அதே ஆண்டில் கலைஞரின் தந்தையும் இறந்தார். 1996ஆம் ஆண்டு சனவரியில், முப்பத்தெட்டாம் வயதில், கொன்சாலெஸ்-டோரஸும் அதே நோய்க்கு மியாமி நகரில் இரையானார். அவர் பெயர் சொல்லும் படைப்புகளில் பெரும்பாலானவை ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் தோன்றியவை.

அவருடைய படைப்புகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பு ஒன்றே: ‘பெயரிடப்படாதது’. ஆனால் அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லோ தொடரோ பல இடங்களில் வரும். 1988இல் செய்த ஒரு படைப்பில் அடைப்புக்குறிக்குள் ‘மாத்ரித் 1971’ என்று மட்டும் காணப்படுகின்றது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் சிறுவர் விளையாட்டுப் படமாக அமைந்த படைப்பு அது. ஒரு சிறுவன் தாய்நாட்டையும் தாயையும் ஒருங்கே இழந்த ஆண்டும் இடமும் அவ்வளவில் அடங்கிவிட்டன. தலைப்பு மறுத்த பெயரை அடைப்புக்குறி மெல்ல எடுத்துக் கொடுக்கின்றது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு நக்கீரரின் வேம்பே நினைவுக்கு வருகின்றது.

மிட்டாய்க் குவியல்

1991இல் அவர் அமைத்த ஒரு படைப்பை உலகம் நன்கறியும். ‘பெயரிடப்படாதது’ என்பது தலைப்பு. ‘லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்’ என்பது அடைப்புக்குறிக்குள் உள்ளது. உருவப்படம் என்று சொல்லப்பட்டாலும் அங்கே முகமில்லை; வண்ணமில்லை; திரைச்சீலையுமில்லை. பலவண்ணப் பளபளப்புத் தாள்களில் சுற்றிய மிட்டாய்கள் அறையின் மூலையில் குவிக்கப்பட்டிருக்கின்றன. அதற்குரிய முழு எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. காண வருவோர் ஒரு மிட்டாயை எடுத்து உண்ணலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். குவியல் நாளுக்கு நாள் குறையும். அதைக் காப்போர் விரும்பும்போது மீண்டும் நிரப்பலாம்.

நான் இதை நேரில் கண்டதில்லை. நூல்களில் உள்ள ஒளிப்படங்களில் கண்டதே. ஆயினும் இப்படைப்பின் இயல்பு, சொல்லக் கேட்ட அளவிலேயே நெஞ்சில் தைப்பது. 175 பவுண்டு என்பது நோய் தொடுமுன் ராஸின் உடலெடை என்று பலரும் பொருள் கொள்வர். அவ்வாறு கொண்டால், எடுத்துச் செல்லும் ஒவ்வொரு மிட்டாயும் நோயாளி நாள்தோறும் இழந்த உடலின் ஒரு துணுக்கு. எடுப்பவர் யார்? கலைக்கூடத்துக்கு வந்த நீங்களும் நானும். கொடுப்பது இனிப்பு, எடுத்துக்கொள்வது ஒருவன் உடல். பசியும் ஆசையும் குற்றமும் இரக்கமும் ஒரே கணத்தில் நாவில் கரைகின்றன. பின்னர் யாரோ ஒருவர் மீண்டும் நிரப்புகிறார். இறந்தவன் எடை மீண்டும் நிறைவெய்துகின்றது. மருத்துவம் அன்று செய்ய இயலாததைக் கலை திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகின்றது. ஒவ்வொரு முறையும் அது மீண்டும் குறையத்தான் போகின்றது என்பதையும் மறைக்காமல் செய்கின்றது.

நம் மரபில் இதற்கு ஒரு பெயர் உண்டு. கூற வந்த பொருளை நேரே கூறாமல், கருப்பொருளின்மேல் ஏற்றி, கேட்போரே உணர்ந்துகொள்ளுமாறு விடுவதை உள்ளுறை என்பர். பாலைநிலத்தில் தன் பிடிக்காக மரப்பட்டையை உரித்துத் தரும் களிற்றைப் பாடிய புலவன், தலைவனின் அன்பைப் பற்றி ஒரு சொல்லும் கூற வேண்டியதில்லை. இங்கே மிட்டாய் என்பது கருப்பொருள். கடைத்தெருவில் எவரும் வாங்கக் கூடியது. எளிமையான கருப்பொருளாக இருப்பதனாலேயே அது இத்துணைத் துயரத்தைச் சுமக்க முடிகின்றது.

ஓர் ஐயமும் இங்கே எழ வேண்டும். அதே 1991இல் அவர் தம் தந்தைக்கும் ஓர் உருவப்படம் அமைத்தார். அது வெண்ணிற மிட்டாய்களால் ஆயது. அதன் எடையும் 175 பவுண்டே. காதலனுக்கும் தந்தைக்கும் ஒரே எடை. அப்படியாயின் 175 என்பது ராஸின் உடலைத்தான் குறிக்கின்றது என்று அடித்துக் கூறுவது எங்ஙனம்? எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பொருள் சொல்ல வருவோர்க்கு இது ஒரு தடை. எனக்கோ இது பொருளை ஆழப்படுத்துவதாகவே தோன்றுகின்றது. ஒரே ஆண்டில் இழந்த இருவரை ஒரே தராசில் நிறுத்திக் காட்டியிருக்கிறார் கலைஞர். தந்தைக்குரிய துயரம் ஊரறிய அழத்தக்கது. காதலனுக்குரிய துயரமோ அந்நாளில் பல குடும்பங்களில் வாய்விட்டு அழவும் இடமில்லாதது. இரண்டும் ஒரே எடை என்று காட்டியதைவிடப் பெரிய வாதம் வேறென்ன வேண்டும்?

அகம் தெருவுக்கு வந்தது

அவர் அமைத்த மற்றொன்று இரண்டு சுவர்க் கடிகாரங்கள். அளவிலும் வடிவிலும் ஒன்றேபோன்ற இரண்டு, ஒன்றையொன்று தொட்டவாறு அருகருகே மாட்டப்பட்டு, ஒரே நேரத்தைக் காட்டுமாறு வைக்கப்படுகின்றன. நாளடைவில் மின்கலம் தளர, ஒன்று பிந்தும்; ஒன்று முந்திச் செல்லும். அடைப்புக்குறிக்குள் ‘முழுமையான காதலர்’ என்ற பொருள்படும் தொடர் உள்ளது. ஒத்த இருவர் என்பதை ஒத்த இரு பொருள்களால் காட்டினார். அமெரிக்காவில் 1989, 1990ஆம் ஆண்டுகளில் ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் படங்களை ஆபாசம் என்று கூறி அரசியலார் பெரும் கூச்சல் எழுப்பினர். கண்காட்சி ஒன்று கைவிடப்பட்டது. மற்றோரிடத்தில் வழக்கே நடந்தது. அத்தகைய சூழலில், இரண்டு கடிகாரங்களை ஆபாசம் என்று எவராலும் நிறுவ முடியாது என்னும் பொருள்படக் கொன்சாலெஸ்-டோரஸ் பேசியதுண்டு. பெயர் சுட்டாமை அவருக்கு அழகியல் நெறி மட்டுமன்று, கேடயமுமாக இருந்தது.

மூன்றாவதாகக் காண வேண்டியது கட்டில். இருவர் படுத்தெழுந்த வெண்ணிறப் படுக்கை, கலைந்த விரிப்பு, இரு தலையணைகளில் தலை அழுந்திய குழிவு. கருப்பு வெள்ளையில் எடுத்த இந்த ஒளிப்படம் 1991இல் உருவாயிற்று. 1992இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் ஏற்பாட்டில் அந்நகரின் 24 இடங்களில் தெருவோர விளம்பரப் பலகைகளில் இது ஏற்றப்பட்டது. ஒரு சொல்லும் அதில் எழுதப்படவில்லை. சவர்க்காரமும் சிகரெட்டும் விற்கும் பலகைகளுக்கு நடுவே, எதையும் விற்காத ஒரு வெற்றுக் கட்டில் நின்றது. வழிச்செல்வோர் எத்தனையோ பேர் அதைக் கண்டிருப்பர். இறந்தவர் யார் என்று அறிந்தவர் அவருள் எத்துணைச் சிலர்!

அகம் என்பது வீட்டினுள்ளும் நெஞ்சினுள்ளும் நிகழ்வது. புறம் என்பது மன்றத்திலும் தெருவிலும் நிகழ்வது. கட்டிலைத் தெருவில் நிறுத்தியதன்மூலம் இக்கலைஞர் இப்பிரிவினையைக் கலைத்துப்போட்டார். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1986இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஜார்ஜியா மாநில வழக்கொன்றில், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தன் படுக்கையறைக்குள் இருந்த ஓர் ஆடவனைக் காவலர் கைது செய்ததிலிருந்து எழுந்த வழக்கு அது. அரசு படுக்கையறைக்குள் புகுந்துவிட்ட பின்னர் அகம் என்று தனியே ஏது? கட்டிலைத் தாமாகவே தெருவுக்குக் கொண்டுவந்ததன் பொருள் இதுவே எனலாம். அத்தீர்ப்பு 2003இல் மாற்றப்பட்டது. நம் நாட்டிலும், 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயது வந்தோரின் இசைவுடன் கூடிய உறவுக்குப் பொருந்தாது என்று கூறும்வரை, இந்தியக் கட்டில்களும் அதே நிழலில் இருந்தவையே என்பதை நாம் மறத்தலாகாது.

துறைக் குறிப்பை யார் அழிப்பது?

இனிச் சிக்கலுக்கு வருவோம். சிகாகோ கலைக்கழகத்தில் ராஸின் மிட்டாய்க் குவியல் வைக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டு அதன் அருகிலிருந்த விளக்க அட்டையில் ராஸின் வாழ்வைப் பற்றியும் எய்ட்ஸ் நோயைப் பற்றியும் முன்பு இருந்த செய்தி காணப்படவில்லை. வயது வந்த ஓர் ஆடவனின் சராசரி எடை என்ற அளவில் விளக்கம் நின்றது. காண வந்த ஒருவர் இதைக் கண்டு இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுத, கண்டனம் பரவ, கலைக்கழகம் அட்டையை மாற்றி ராஸையும் நோயையும் மீண்டும் குறிப்பிட்டது.

செய்தி சிறிது, வினா பெரிது. கலைஞரே ‘பெயரிடப்படாதது’ என்றுதானே தலைப்பிட்டார்? பொருளைத் திறந்து விட்டவர் அவரே அல்லவா? அவ்வாறிருக்க, அட்டையில் காதலனின் கதையைக் கூறுவது, கலைஞர் விரும்பிய விரிவைக் குறுக்குவதாகாதா? இவ்வாறு கேட்போரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தம்மை ‘இலத்தீன் கலைஞர்’ என்ற சிமிழுக்குள் அடைத்து, அவ்வினத்துக்குரிய வண்ணமும் ஓசையும் காட்டச் சொல்வதை அவர் விரும்பாதவர் என்பதும் உண்மை. தம் பிறப்பையும் காதலையும் பொருட்காட்சியாக்க அவர் மறுத்தார்.

இங்கே நம் சங்கத்தொகைகள் நமக்கு விடை தருகின்றன. குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் பாருங்கள். பாட்டினுள் பெயரில்லை, ஆனால் பாட்டின் அடியில் ஒரு குறிப்பு உண்டு. தலைவி தோழிக்குக் கூறியது, பிரிவிடை ஆற்றாளாய தலைவியைத் தோழி தேற்றியது என்றவாறு கூற்றும் சூழலும் அங்கே விளங்கும். இக்குறிப்புகள் புலவர் எழுதியவை அல்ல, பிற்காலத்துத் தொகுத்தோர் சேர்த்தவை என்பர் ஆய்வாளர். அவை தவறாகவும் இருக்கக் கூடும். உரையாசிரியர் அவற்றை மறுத்ததும் உண்டு. ஆனால் எந்தத் தொகுப்பாசிரியரும், பாட்டில் பெயரில்லை ஆகலின் குறிப்பும் வேண்டா என்று கருதவில்லை. பெயர் சுட்டாமை வேறு, யார் யாருக்கு எந்நிலையில் கூறினார் என்பதை அழித்தல் வேறு. முன்னது பாட்டை எல்லார்க்கும் உரியதாக்கும். பின்னது அதை எவர்க்கும் உரியதல்லாததாக்கும்.

சிகாகோவில் ஒருகால் நிகழ்ந்தது இப்பின்னதே. ராஸின் பெயரை வைத்தவர் விளக்க அட்டை எழுதியவர் அல்லர், கலைஞரே என்பதை இங்கு நினைவூட்ட வேண்டும். அடைப்புக்குறி அவர் போட்டது. 1989இல் அவர் அமைத்த தம் உருவப்படத்திலும் முகமில்லை. சுவரின் மேல் விளிம்பில் சில சொற்களும் ஆண்டுகளும் மட்டுமே ஓடுகின்றன. அவற்றுள் ராஸின் பெயரும் 1983 என்ற ஆண்டும் உள. தம்மை வரைய வந்தவர் தம் காதலன் பெயரை எழுதினார். நக்கீரர் வேம்பை அறியாமல் வைத்துவிட்டாரா, அறிந்தே வைத்தாரா என்று நாம் வாதிடலாம். கொன்சாலெஸ்-டோரஸ் அறிந்தே வைத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. சராசரி ஆடவன் என்பவன் எங்கும் பிறந்ததில்லை; யாரும் அவனை நேசித்ததுமில்லை; அவனுக்காக எவரும் அழுததுமில்லை.

பெயர் சொல்லிப் பாடியவர்கள்

இக்கலைஞரின் வழி ஒன்றே வழி என்று கொள்வதும் பிழையாகும். எதிர்த் திசையில் நடந்தோரையும் காண வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெக்சிக வழியினரான சிக்கானோ குடும்பத்தில் 1955இல் பிறந்தவர் ஜோயி டெரில். ஆடவரை நேசிக்கும் ஆடவரை இழித்துரைக்க அவர் சமூகத்தார் வழங்கும் ‘மரிக்கோன்’ என்ற வசைச்சொல்லை 1970களின் நடுவில் பனியன்களில் பெரிய எழுத்தில் எழுதி, தாமும் நண்பர்களும் அணிந்து தெருவில் நடந்தார். வசவை வாங்கி மார்பில் பதக்கமாகக் குத்திக்கொண்ட செயல் அது. இல்லற அலங்கார இதழ்களைக் கேலி செய்யும் முறையில் ‘ஹோம்பாய் பியூட்டிஃபுல்’ என்ற இதழ் ஒன்றையும் அவர் 1978, 1979ஆம் ஆண்டுகளில் கொணர்ந்தார். முரட்டு ஆண்மையைப் போற்றிய பேட்டை இளைஞர் பண்பாட்டின் உள்ளே இருந்துகொண்டே, அதைச் சிரித்துச் சிரித்துப் பிளந்தது அது. பின்னாளில் அவர் வரைந்த மேசைப்பொருள் ஓவியங்களில் பழங்களுக்கும் மெக்சிகத் துணி விரிப்புகளுக்கும் இடையே எய்ட்ஸ் நோய்க்கிருமியை அடக்கும் மாத்திரைகளும் இருக்கும். இங்கே உள்ளுறை இல்லை, எல்லாம் வெளிப்படை. கொன்சாலெஸ்-டோரஸ் அகம் பாடினார் என்றால் டெரில் புறம் பாடினார் எனலாம்.

அர்ஜென்டினாவின் மனுவேல் பூயிக் வேறொரு வழி கண்டார். 1976இல் ஸ்பெயினில் வெளியான ‘சிலந்திப் பெண்ணின் முத்தம்’ என்ற அவர் புதினம் ஒரு சிறையறையில் நிகழ்வது. கடைச் சன்னல்களை அலங்கரிக்கும் தொழில் செய்தவன் மொலினா; புரட்சி இயக்கத்தைச் சேர்ந்த அரசியல் கைதி வாலென்தின். மொலினா தான் கண்ட திரைப்படக் கதைகளை இரவிரவாகச் சொல்கிறான். புதினம் பெரும்பாலும் உரையாடலாகவே நடக்கின்றது. ஆசிரியர் இடையில் வந்து இவன் இத்தகையவன் என்று கூறுவதில்லை. ஒருபால் விழைவு பற்றி அறிஞர்கள் கூறிய கொள்கைகள் எல்லாம் அடிக்குறிப்புகளாகப் பக்கத்தின் அடியில் நீண்டு கிடக்கின்றன. மேலே இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கின்றனர். கொள்கை கீழே, உயிர் மேலே என்ற இவ்வமைப்பே ஒரு திறனாய்வு. அந்நாட்டு இராணுவ ஆட்சி இந்நூலைத் தடை செய்தது. 1985இல் இது திரைப்படமாகி, மொலினாவாக நடித்த வில்லியம் ஹர்ட்டுக்கு ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது.

கியூபாவின் ரெய்னால்தோ அரேனாஸோ மறைத்துப் பேசும் பொறுமையே அற்றவர். தம் விழைவுக்காகவும் எழுத்துக்காகவும் சிறைப்பட்டு, 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து படகேறி அமெரிக்கா சேர்ந்த அவர், எய்ட்ஸ் நோயுற்று 1990இல் நியூயார்க்கில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ‘இருள் கவியுமுன்’ என்ற பொருள்படும் தலைப்புடைய அவர் தன்வரலாறு 1992இல் வெளியாயிற்று. அதில் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன: காதலித்தோர், காட்டிக் கொடுத்தோர், சிறையில் உடனிருந்தோர். அழிக்க முற்பட்ட ஓர் அரசின்முன் பெயர்களை அடுக்கிச் சான்று கூறுவதே அவர் கண்ட வழி. கொன்சாலெஸ்-டோரஸும் அரேனாஸும் ஒரே தீவில் பிறந்து, ஒரே நகரத்தில் வாழ்ந்து, ஒரே நோயில் விழுந்தவர்கள். ஒருவர் ஏறத்தாழ ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர் ஒன்றையும் விடவில்லை. இலத்தீன் ஆடவர் கலை என்று ஒற்றைப் பெயரிட்டு ஒற்றைக் குணம் கூற முற்படுவோர் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

ஒரு குறையும் ஒரு கடமையும்

கொன்சாலெஸ்-டோரஸ்மீது எனக்குள்ள மதிப்பைக் கூறினேன். குறையையும் கூறுதல் முறை. மிட்டாய்க் குவியல் மீண்டும் மீண்டும் நிறைய வேண்டுமாயின், அதை நிரப்பும் வளம் உடைய கலைக்கூடம் வேண்டும். உரிமையைக் காக்கும் அமைப்பு வேண்டும். ராஸின் நினைவு அழியாதிருப்பது அத்தகைய கூடங்களின் கதவு திறந்திருக்கும் வரையில்தான். அக்கதவுக்குள் புக வாய்ப்பில்லாதவர் நிலை என்ன? டெரிலின் நண்பராக லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த முண்டோ மேசா என்ற ஓவியர் 1985இல், முப்பது வயதளவில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். அவர் வரைந்தவற்றுள் பெரும்பகுதி காணாமற் போயிற்று. 2017இல் அந்நகரில், சிக்கானோ கலைஞர்களின் இவ்வரலாற்றை மீட்டெடுத்த பெரிய கண்காட்சி ஒன்றுக்கு ‘ஆக்சிஸ் முண்டோ’ என்று அவர் பெயரையே இட்டனர். நம் குறுந்தொகைப் புலவர் சிலருக்குப் பெயர் தொலைந்து பாட்டு எஞ்சிற்று. செம்புலப் பெயனீரார் என்று பாட்டின் தொடரே அவருக்குப் பெயராயிற்று. மேசாவுக்கோ பெரும்பாலும் பாட்டுத் தொலைந்து பெயர் எஞ்சிற்று. இவ்விரண்டில் எது கொடியது என்று என்னால் கூற முடியவில்லை.

மேலும், இனிப்பாகவும் அழகாகவும் அமைந்த உள்ளுறையில் ஓர் ஊறு உண்டு. உள்ளுறையை உணராதவர் மிட்டாயை மட்டும் தின்றுவிட்டுப் போகலாம். டெரிலின் பனியனை அவ்வாறு தின்றுவிட்டுப் போக முடியாது. மறைபொருள் கலைஞனைக் காத்த காலம் போய், மறைபொருளைக் கலைஞனுக்காக நாம் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. காத்தல் என்பது, கேட்போர்க்குச் சூழலை உரைத்தல். அது உரையாசிரியன் கடமை, கலைக்கூடத்தின் கடமை, நம்மைப்போல் எழுத வந்தோர் கடமையுமாகும்.

‘இத்தகைய பொருளுக்குச் சங்க மலரில் இடம் ஏன்?’ என்று கேட்கும் அன்பர்களும் இருக்கலாம். பிறந்த மண்ணைவிட்டு வேற்று மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நாம், அகத்தில் ஒரு மொழியும் புறத்தில் ஒரு மொழியுமாக நாள் கழிப்பவர்கள். வாயிற்படியைத் தாண்டும்போது தன்னில் ஒரு பகுதியை வீட்டில் விட்டுச் செல்வது என்னவென்று நமக்குச் சிறிதளவு தெரியும். வாழ்நாள் முழுவதும், சிலர் தம் வீட்டுக்குள்ளேயும் அப்பகுதியை விட்டுவிட வேண்டியவராக இருந்தனர். அவர்களும் நம் தெருவில் வாழ்ந்தவர்கள். நம் குடும்பங்களிலும் பிறந்தவர்கள். அவர்களுள் பலர் துணையை இழந்தபோது, ‘நண்பர் இறந்துவிட்டார்’ என்று மட்டும் கூறி அலுவலகத்துக்குத் திரும்பியிருப்பர். அத்துயரத்துக்குத் துறைக் குறிப்பு எழுத எவரும் இருந்ததில்லை.

கொன்சாலெஸ்-டோரஸ் விட்டுச்சென்ற குவியலில் இன்றும் யாரோ குனிந்து ஒரு மிட்டாயை எடுக்கிறார்கள். தாளைப் பிரிக்குமுன் அவர்கள் அட்டையையும் ஒருமுறை படிக்கட்டும். பாட்டில் பெயர் வேண்டா. நக்கீரர் கட்டிய வேம்பை மட்டும் எவரும் அவிழ்த்தெறிய வேண்டா. அத்தழை இருந்தால்தான் அவ்விரவில் வாடையில் நடந்தவன் ஒரு மனிதன் என்றும், அவனுக்காக விழித்திருந்த ஒரு நெஞ்சம் இருந்தது என்றும் நாம் அறிகின்றோம்.